வெட்டியதைச் சொல்கிறீர்கள், இணைத்ததையும் சொல்லுங்கள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து இரைப்பை, குடல் அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக் கடை நடத்தும் மருந்தாளுநர் நான். உங்கள் அறுவை அரங்குக்குள் எனக்கு இடமில்லை. ஆனால் நீங்கள் தைத்து அனுப்பிய வயிறுகள் வீடு திரும்பிய பிறகு என்ன பாடுபடுகின்றன என்பது உங்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. நீங்கள் சொன்ன தேதிக்குத்தான் அவர்கள் உங்களிடம் வருவார்கள். என்னிடம் மாத்திரை அட்டை தீரும்போதெல்லாம் வருகிறார்கள். அவர்கள் வர முடியாத நாளில் மனைவியோ மகனோ மருமகளோ வருகிறார்கள்.

தமிழ்நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. அதனால் என் மேசைக்கு வரும் மருத்துவமனைக் கோப்புகளில் இரைப்பையைப் பாதியாகவோ முழுதாகவோ எடுத்தவர்களின் கோப்பு அடிக்கடி இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்தால் எதை வெட்டி எடுத்தீர்கள் என்பது தெளிவாக இருக்கும். கட்டி எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நிணநீர்க் கணுக்களை எடுத்தீர்கள், அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது, எல்லாம் வரிசையாக இருக்கும். மிஞ்சியதை எதனோடு, எந்த வடிவத்தில், எவ்வளவு தூரத்தில் இணைத்தீர்கள் என்பது மட்டும் ஒரு சுருக்கெழுத்தில் அடங்கிவிடும். பல தாள்களில் அதுவும் இல்லை.

நோயாளியின் மீதி வாழ்நாளில் அவர் எப்படிச் சாப்பிடுவார், இரவில் படுப்பாரா உட்கார்ந்திருப்பாரா என்பதைத் தீர்மானிப்பது அந்த இணைப்புதான். அதை அறுவைக்கு முன் நோயாளிக்குச் சொல்லுங்கள், அறுவைக்குப் பின் தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சென்ற மழைக்காலத்தில் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவருக்கு இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். மஞ்சள் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். முதல் அட்டை பான்டோபிரசோல் 40 மில்லிகிராம், தினம் ஒன்று. அடுத்தது அதே மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. பிறகு அதோடு குமட்டலை அடக்கும் டாம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல். கடைசியாக, பாதி தீர்ந்த இளஞ்சிவப்பு ஆன்டாசிட் பாட்டில். “இதைவிடச் சக்தியான கேஸ் மாத்திரை இருந்தால் கொடுங்கள் தம்பி” என்றார். என்ன செய்கிறது என்று கேட்டேன். படுத்தால் மஞ்சளாகக் கசப்புத் தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறது, புரையேறி இருமுகிறார், எழுந்து உட்கார்ந்தால் நிற்கிறது, அதனால் திண்ணைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தே இருக்கிறார் என்றார். அதற்குப் பயந்து மாலைக்கு மேல் எதுவும் சாப்பிடுவதில்லையாம். எடை இறங்கிக்கொண்டே போகிறதாம்.

மருத்துவர்களே, அவருக்கு இரைப்பையே இல்லை. அமிலத்தைச் சுரக்கும் உறுப்பை எடுத்த பிறகு, அமிலத்தை அடக்கும் மாத்திரை எதை அடக்கும்? தொண்டைக்கு ஏறியது பித்தநீரும் கணையநீரும். இல்லாத அமிலத்துக்காக ஒரு முந்திரித் தோப்புக் கூலிக் குடும்பம் மாதக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறது. யாரோ ஒருவர் எழுதியதை அடுத்தவர் கூட்டி எழுதியிருக்கிறார். ஊருக்கு அருகிலுள்ள மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கையில் இருந்த தாளில் “இரைப்பை முழுதும் நீக்கப்பட்டது, நோயாளி நலம்” என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. சிறுகுடலை எந்த வடிவத்தில் மேலே கொண்டுவந்தார்கள், பித்தம் வந்து சேரும் இடத்துக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே எவ்வளவு நீளம் விட்டார்கள் என்று அந்தக் கோப்பு முழுவதும் தேடினேன். கிடைக்கவில்லை.

ஒரு வெள்ளைத்தாளில் இந்தக் கேள்விகளை எழுதி, அறுவை செய்தவரிடமே அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பினேன். அந்த மருத்துவர் கணவருக்கு எண்டோஸ்கோப்பி செய்து பார்த்து, மருந்தை மாற்றினார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார். கடைசி உணவை இருட்டுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளச் சொன்னார். இப்போது அந்த மனிதர் படுத்துத் தூங்குகிறார். முன்பே கிடைத்திருக்க வேண்டிய தூக்கம் அது.

‘நெஞ்செரிச்சல்’ என்றோ ‘எதுக்களிப்பு’ என்றோதான் எல்லோரும் என்னிடம் வந்து சொல்கிறார்கள். இரைப்பை முழுதும் எடுத்தவருக்கு அது பித்தம். இரைப்பையின் மேல்பாதியை மட்டும் எடுத்து, கீழ்ப்பாதியை உணவுக்குழாயோடு நேராக இணைத்தவருக்கு அதில் அமிலமும் இருக்கும். அவருக்குப் பான்டோபிரசோல் உண்மையிலேயே தேவை. கீழ்ப்பாதியை எடுத்தவருக்கு, மிஞ்சிய இரைப்பைக்குள் பித்தம் தேங்கி உட்சுவரைப் புண்ணாக்கும். உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையைக் குழாயாக்கி மார்புக்குள் இழுத்தவருக்கு, வயிற்றில் இருக்கும் அழுத்தமும் மார்புக்குள் இருக்கும் உறிஞ்சலும் சேர்ந்து எல்லாவற்றையும் மேலே ஏற்றும். படுத்தால் நுரையீரலுக்கே ஆபத்து. புகார் ஒன்றாக இருந்தாலும் மருந்து வேறு, எச்சரிக்கை வேறு. எந்த இணைப்பு என்று தாளில் இல்லாவிட்டால் மருந்து கொடுப்பவர் இருட்டில் கை வீசுகிறார்.

எதுக்களிப்பைத் தடுப்பதற்கென்றே உங்கள் துறை நூறு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துவந்திருக்கிறது. அந்த உழைப்பைப் படிக்கப் படிக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது. 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ராத் என்ற அறுவை மருத்துவர் புற்றுநோய் பிடித்த இரைப்பையின் கீழ்முனையை வெட்டி எடுத்து, மிஞ்சியதைச் சிறுகுடலின் தொடக்கப் பகுதியான முன்சிறுகுடலோடு இணைத்தார். 1885-இல் முன்சிறுகுடலை மூடிவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலின் பக்கவாட்டில் இணைக்கும் இரண்டாவது முறையைச் செய்தார். இந்த இரண்டாவது முறையில் பித்தமும் கணையநீரும் புதிய இணைப்பின் வாசல் வழியாகவே போயாக வேண்டும். ஒரு பகுதி இரைப்பைக்குள் நுழைந்துவிடும். அதைக் குறைக்க, இணைப்புக்குச் சற்றுக் கீழே வரும் குடலையும் போகும் குடலையும் ஒன்றோடொன்று சேர்த்து, பித்தத்துக்குக் குறுக்குவழி அமைத்தார் ப்ரவுன் என்ற அறுவை மருத்துவர்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1890-களில் சேசர் ரூ என்ற அறுவை மருத்துவர் பரவலாக்கிய, ஆங்கில ஒய் எழுத்து வடிவ இணைப்பு இன்னும் உறுதியானது. சிறுகுடலைக் குறுக்கே வெட்டி, கீழ் முனையை மேலே கொண்டுபோய் இரைப்பையோடோ உணவுக்குழாயோடோ இணைக்கிறீர்கள். பித்தம் கொண்டுவரும் மேல் முனையை அதற்கு வெகு கீழே பக்கவாட்டில் சேர்க்கிறீர்கள். வடிகாலை மேல்மடையில் கலக்கவிடாமல் கடைமடையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இது. இடையிலுள்ள தூரம் 40 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பித்தம் மேலே ஏறும் என்றும், அதனால் 40 முதல் 60 வரை விடுவது வழக்கம் என்றும் உங்கள் பாடநூல்கள் சொல்கின்றன. அளவுக்கு மேல் நீண்டாலும் தொல்லை. உணவு அந்தக் குடலிலேயே தேங்கும், குமட்டும். குடலை வெட்டினால் அதன் இயக்கத்தை முறைப்படுத்தும் மின்துடிப்பு அறுபடுகிறது என்று கருதி, வெட்டாமலேயே ஸ்டேப்ளரால் அடைத்து ஒய் வடிவம் கொடுக்கும் முறையும் வந்திருக்கிறது. அடைத்த இடம் சிலருக்கு மீண்டும் திறந்துகொள்ளும் என்பது அதன் பலவீனம்.

இத்தனை யோசனை ஒரு சில சென்டிமீட்டர் குடலுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தச் சென்டிமீட்டர் எண்ணைத்தான் நான் கோப்பில் தேடினேன்.

கட்டி இரைப்பையின் மேல்பகுதியில், தொடக்க நிலையில் இருப்பவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தேர்வுக்கு அதிக இடம் இருப்பது அங்கேதான். மேல்பாதியை மட்டும் எடுத்துக் கீழ்ப்பாதியைக் காப்பாற்றலாம். ஆனால் இயற்கை வைத்த காவல் அத்தனையும் அந்த மேல்பாதியில்தான் இருக்கிறது: உணவுக்குழாயின் அடியில் இறுகி நிற்கும் தசைவளையம், உணவுக்குழாய் சாய்வாக வந்து இரைப்பையில் சேரும் கோணம், உதரவிதானத்தின் பிடி. இவற்றை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் நேராகத் தைத்தால் எதுக்களிப்பு மிகக் கடுமையாக வரும். அதனால்தான் பலர் முழு இரைப்பையையும் எடுத்துவிடுவது நல்லது என்று நினைத்தார்கள்.

ஜப்பானின் ஒகாயாமாவில் கமிகாவா என்ற அறுவை மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். மிஞ்சிய இரைப்பையின் முன்சுவரில், வெளித்தசை அடுக்கை மட்டும் ஆங்கில எச் எழுத்தின் வடிவில் கீறி, உள்சளியடுக்கிலிருந்து பிரித்து, சுமார் இரண்டரைக்கு மூன்றரை சென்டிமீட்டர் அளவில் இரண்டு மடல்களாகத் திறக்கிறார். திறந்த இடத்தின் கீழ்விளிம்பில் உள்சளியடுக்கைத் துளைத்து உணவுக்குழாயை அங்கே தைக்கிறார். பிறகு இரண்டு மடல்களையும் உணவுக்குழாயின் மேல் மூடி, ஒன்றோடொன்று தைத்துவிடுகிறார். உணவுக்குழாயின் கடைசிப் பகுதி இரைப்பைச் சுவருக்குள் புதைந்து கிடக்கிறது. இரைப்பை நிரம்பி உப்பும்போது, அந்த அழுத்தமே உணவுக்குழாயை நசுக்கி மூடுகிறது. எடுத்துவிட்ட தசைவளையத்தின் வேலையை, இரைப்பையின் சொந்தச் சுவரே செய்கிறது. லாப்ராஸ்கோப் வழியாகச் செய்வதற்கு நேரம் பிடிக்கும், கை பழக வேண்டும், இணைப்பு சுருங்கிவிட்டால் பலூனால் விரிக்க வேண்டி வரும். இவ்வளவும் தெரிந்தும் இப்படி ஒன்றை ஒருவர் யோசித்துச் செய்திருக்கிறார் என்பதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நோயாளியின் இரவுகளைப் பற்றிக் கவலைப்பட்ட கை அது.

இன்னொரு வழி, இரட்டைப் பாதை இணைப்பு. உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்து, அதற்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே மிஞ்சிய இரைப்பையையும் அதே குடலோடு இணைக்கிறார்கள். பித்தம் அதற்கும் கீழே சேர்கிறது. உணவுக்கு இரண்டு வழி. இரைப்பையிலிருந்து மேலே ஏற நினைப்பது இடையிலுள்ள குடலைத் தாண்டியாக வேண்டும். தென்கொரியாவில் இந்த முறையையும் இரைப்பை முழுநீக்கத்தையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு ஆண்டு முடிவில் ஹீமோகுளோபினில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இரட்டைப் பாதைக்காரர்களுக்கு வைட்டமின் பி12 ஊசி தேவைப்பட்டது குறைவு. உடம்பு பி12-ஐ ஏற்கத் துணைபுரியும் பொருளைச் சுரப்பது இரைப்பை. முழு இரைப்பையையும் இழந்தவருக்கு ஆயுள் முழுவதும் பி12 வேண்டும். ஈரலிலுள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் உடனே ஒன்றும் தெரியாது. பிறகு கால் மரத்துப்போய் என் கடைக்கு வருவார், சர்க்கரை நோய் என்று நினைத்துக்கொண்டு.

இவை எல்லோருக்கும் பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். நம் ஊரில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். பசியின்மையைப் பித்தம் என்று சொல்லி மாதக்கணக்கில் கஷாயம் குடித்துவிட்டு, சோறு இறங்காத நிலையில் வருகிறவர்களுக்கு நோயை அடியோடு எடுப்பதுதான் முதல் கடமை. அங்கே கமிகாவா முறையில் தசைமடல் தைப்பதற்கு இரைப்பை மிஞ்சாது. எந்த இணைப்பு என்பதை வயிற்றைத் திறந்து பார்த்த பிறகு நீங்கள்தான் முடிவு செய்ய முடியும். அதில் நானோ நோயாளியோ தலையிட வழியில்லை. அதற்காக அவரிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா? மேல்பகுதியில் சிறிய கட்டியோடு வருபவருக்கு இப்படி முறைகள் உண்டு, இந்த முறையில் கைபழகியவர் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று சொன்னால், அவர் அங்கே போகலாம். நீங்களே செய்வதாக இருந்தாலும், “இந்த அறுவைக்குப் பின் எதுக்களிப்பு வரலாம், வந்தால் இப்படி வரும், அதற்கு இதைச் செய்யப்போகிறேன்” என்று நான்கு வாக்கியம் முன்பே தமிழில் சொல்லிவிட்டால், வந்தபோது குடும்பம் மிரளாது. கண்ட மாத்திரையை வாங்காது.

புற்றுநோயிலிருந்து உயிர் தப்பியவருக்கு நெஞ்செரிச்சல் ஒரு பொருட்டா என்று ஒருமுறை என்னிடம் ஒருவர் கேட்டார். அவரும் மருத்துவர்தான். பொருட்டுதான், ஐயா. எதுக்களிப்புக்குப் பயந்து சாப்பிடாதவர் மெலிகிறார். மெலிந்தவரால் கீமோதெரபியின் அடுத்த சுற்றைத் தாங்க முடிவதில்லை. தூக்கத்தில் பித்தம் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. நீங்கள் மணிக்கணக்கில் நின்று சுத்தமாக எடுத்த புற்றுநோய், இந்தச் ‘சின்ன விஷயத்தால்’ வேறு வழியில் வெல்ல இடம் கொடுக்கலாமா?

பழைய கதை ஒன்றும் இதில் இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் ஹெலிகோபாக்டர் கிருமியைக் கண்டறிந்து, அல்சருக்கு மாத்திரையே போதும் என்ற காலம் வருவதற்கு முன்பு, அல்சர்க்காரர்களின் வயிற்றைத் திறந்து நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பது வழக்கமாக இருந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை தழும்போடு எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் கடலூர் முதுநகரிலும் பாகூரிலும் அரியாங்குப்பத்திலும் இன்னும் இருக்கிறார்கள். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். காலையில் பச்சையாக வாந்தி எடுப்பார், எடுத்தால்தான் சுகம் என்பார். என்ன அறுவை செய்தார்கள் என்று கேட்டால், “வயிற்றைக் கழுவித் தைத்தார்கள்” என்பார். அவரிடம் தாள் இல்லை. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இணைப்பை ஒய் வடிவத்துக்கு மாற்றியமைத்தால் வாந்தி நிற்கும். இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கோ, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து மிஞ்சிய இரைப்பையில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுகிறது. அவர்களை எண்டோஸ்கோப்பி வழியே கவனித்துவர வேண்டும். யாருக்கு எது என்று இன்று பார்க்கும் மருத்துவருக்கு எப்படித் தெரியும்? இப்போது நாற்பது வயதில் உங்களிடம் அறுவை செய்துகொள்பவர்கள் இன்னும் முப்பது ஆண்டு கழித்து இதே நிலையில் நிற்கக் கூடாது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். ‘ஸ்மால் ஃப்ரீக்வென்ட் ஃபீட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறீர்கள். சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து இரவு பதினோரு மணிக்கு வீடு வந்து, ஒரு தட்டு நிறையச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, கை கழுவியதும் பாயை விரிப்பவருக்கு அந்த மூன்று சொற்களால் என்ன பயன்? கேழ்வரகுக் கூழோ இட்லியோ நாளைக்கு ஆறு தடவை, ஒரு தடவைக்கு ஒரு சிறு கிண்ணம். சோற்றுக்கு நடுவே சொம்பு நிறையத் தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் படுக்காதீர்கள். தலையணையை அடுக்காமல் கட்டிலின் தலைமாட்டையே உயர்த்துங்கள். ஷிப்டை மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் வேண்டுமானால் கேளுங்கள். இப்படி எழுதினால் அவருக்குப் புரியும். அவர் மனைவிக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

1823-இலேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் புதுச்சேரி. இன்று ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்கும், மற்ற மருத்துவமனைகளுக்கும் விடியற்காலை பஸ் பிடித்து வரும் எங்கள் மாவட்டத்து மக்கள் உங்கள் கைகளை நம்பியே வருகிறார்கள். அந்த நம்பிக்கையில் எனக்கும் பங்குண்டு. என் கடைக்கு வருபவர்களை “பயப்படாமல் போங்கள்” என்று அனுப்புபவன் நான்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். அதில் நோயாளியின் உணவுப் பாதை இப்போது எப்படி இருக்கிறது என்று கையால் ஒரு கோட்டுப்படம் வரையுங்கள். எங்கே எதை இணைத்தீர்கள், எத்தனை சென்டிமீட்டர் விட்டீர்கள், எதுக்களிப்பைத் தடுக்க என்ன செய்தீர்கள் அல்லது ஏன் செய்ய முடியவில்லை என்று எழுதுங்கள். அமில மாத்திரை இவருக்கு வேண்டுமா வேண்டாமா, வேண்டுமானால் எவ்வளவு காலம் என்று எழுதுங்கள். பி12 ஊசிக்குத் தேதி போடுங்கள். மஞ்சளாகவோ பச்சையாகவோ கசப்பு ஏறினால், இரவில் இருமினால், உணவு இறங்கத் தடைப்பட்டால் யாரிடம் வர வேண்டும் என்று தமிழில் இரண்டு வரி.

மாதிரிப் படிவம் ஒன்றை நானே தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். பில்ராத் முறைகளுக்கும், ஒய் வடிவத்துக்கும், இரட்டைப் பாதைக்கும், மார்புக்குள் இழுத்த இரைப்பைக்கும் தனித்தனிக் கோட்டுப்படம் அதில் இருக்கிறது. நீளத்தை எழுத மட்டும் கட்டம் காலியாக விட்டிருக்கிறேன். படங்களில் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்திக் கொடுங்கள். உங்கள் வார்டு நர்ஸ் யாரையாவது அனுப்பினாலும் போதும். தேவையான பிரதிகளை என் செலவில் அச்சடித்துத் தருகிறேன்.

மிகுந்த மரியாதையுடன்,
திருப்பாதிரிப்புலியூர் மருந்தாளுநர் ஒருவர்